சிக்கெடுக்கும் கை

குழந்தைகளுக்கு நல்லது சொல்வதற்கென்றே எழுதப்படும் புத்தகங்களில் எனக்கு அதிக நம்பிக்கை கிடையாது. நீதி முன்னால் வந்து நின்றுகொள்ளும். கதை பின்னால் ஒடுங்கிவிடும். அமெரிக்கக் கறுப்பினச் சிறுமிகளின் சுருட்டை முடியைப் பற்றி வந்திருக்கும் படக்கதைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. 'உன் முடி அழகானது' என்று அவை சொல்கின்றன. சொல்ல வேண்டிய வாக்கியம்தான். ஆனால், ஒரு குழந்தை அதை நம்புவதற்கு வாக்கியம் மட்டும் போதுமா?

இதற்கு விடை, குழந்தைகளுக்காக எழுதப்படாத ஒரு நாவலில் இருக்கிறது. டோனி மாரிஸனின் முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ' 1970-ல் வெளிவந்தது. ஒஹாயோ மாகாணத்தில் லொரெய்ன் என்ற ஊரில், 1941-ஐ ஒட்டி நடக்கிற கதை. பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டுமென்று பிரார்த்திக்கிறாள். நாவலின் பெயரே அந்தக் கண்கள்தாம். ஆனால் என் மனசில் தங்கியிருப்பது வேறோர் இடம். பெக்கோலாவின் தாய் பாலீன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டி, மிருதுவான முடியை வாரிவிடுவதில் அவளுக்குத் தனி ஆனந்தம். தன் வீட்டிலோ சிக்கும் முரடுமான தலை. அதில் அவள் மனம் ஒட்டவில்லை. பெக்கோலாவை அவலட்சணம் என்று ஏசுகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடம் தாயின் விரல்களிலேயே ஆரம்பமாகிவிட்டது. மாரிஸன் இதை ஓரிரண்டு வரிகளில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அதுதான் கலை.

நெருக்கமாகச் சுருண்ட முடியைப் பேணுவது பொழுதைத் தின்கிற வேலை. தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, வளைந்து வளைந்து போகும் இழையின் நுனிவரை எளிதில் எட்டாது. ஆகவே முடி சீக்கிரம் வறண்டு, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உலர்ந்தபடியே இழுத்து வாரினால் அறுந்துவிடும். நனைத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, பல் அகன்ற சீப்பினால் நுனியில் தொடங்கி மேலே வரவேண்டும். எப்போதும் இறுக்கிப் பின்னிக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்து முடி உதிர்ந்துபோகும். இதற்கெல்லாம் வேண்டியது பொறுமை. அந்தப் பொறுமையைத்தான் குழந்தை அன்பென்று அறிகிறது. அல்லது அது இல்லாததை அறிகிறது.

இந்த உண்மையை நடாஷா டார்ப்லி அறிந்திருக்கிறார். 1998-ல் வந்த அவருடைய 'ஐ லவ் மை ஹேர்!' என்ற படக்கதையில், கியானா என்ற சிறுமி இரவு படுக்கப்போகுமுன் தாயின் முழங்கால்களுக்கிடையே உட்காருகிறாள். சீப்பு இழுக்கிறது, வலிக்கிறது, அழுகிறாள். வலியை மறைக்காததாலேயே புத்தகம் பிழைக்கிறது. தாய் சீப்பை நிறுத்திவிட்டு அப்புறம்தான் முடியின் பெருமையைச் சொல்கிறாள். கை நின்றதால் வார்த்தைக்கு மதிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்துக் கேலியும் கதைக்குள் வருகிறது. அது சற்றுச் சுலபமாகத் தீர்ந்துவிடுவது ஒரு குறை.

மாத்யூ செர்ரியின் 'ஹேர் லவ்' 2020-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற சுமார் ஏழு நிமிஷச் சித்திரப் படம். ஒரு தகப்பன் மகளின் முடியோடு குத்துச்சண்டையே போடுகிறான்; தோற்று, தொப்பியால் மூடிவிடப் பார்க்கிறான்; பிறகு கற்றுக்கொள்கிறான். அவன் அதிசீக்கிரத்தில் தேர்ச்சி பெற்றுவிடுகிறான் என்பது என் புகார். ஆனாலும் முடிவு பெரியது. ஆஸ்பத்திரியில் இருக்கும் தாய், மகள் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தலைத்துணியை எடுக்கிறாள். தலையில் முடியே இல்லை. முடி அழகு என்று சொல்ல வந்த படம், அழகு முடியில் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கு வெளியே விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இயற்கையான சுருட்டை முடிக்காகவும் பின்னலுக்காகவும் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாதென்று கலிபோர்னியா மாகாணம் 2019-ல் சட்டமே போடவேண்டியிருந்தது. வேறு மாகாணங்களும் பின்தொடர்ந்தன. சட்டம் பள்ளிக்கூட வாசலைத் திறந்துவிடலாம். தலை நிமிர்ந்து உள்ளே போகிற தைரியத்தை அதனால் கொடுக்க முடியாது.

டார்ப்லியின் புத்தகத்தையும் செர்ரியின் படத்தையும் குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மாரிஸனின் நாவலை, அந்தக் குழந்தையின் தலையை வாரப்போகிறவர்கள் படிக்க வேண்டும்.