துண்டிக்கப்பட்ட வெற்றி: இசைத்தட்டுக்களில் வாக்னரின் 'றைன் பொன்'

ஒரு கலைப்படைப்பு எச்சாதனத்தின் மூலம் மக்களைச் சென்றடைகின்றது என்பது, அதன் பொருளைத் தீண்டாத புறவிடயமன்று. ஜேர்மானிய இசைநாடகாசிரியரான றிச்சாட் வாக்னரின் (1813–1883) இசை இசைத்தட்டுக்களிற் பெற்றுள்ள வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். பாடகரையும் மேடையையும் நீக்கி, வாத்தியக்குழுவின் இசையை மாத்திரம் தொகுத்தளிக்கும் தட்டுக்களின் வாயிலாகவே அவரை அறிந்தோர் பலர். அவ்வறிவு எத்தகையது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

'நீபெலுங்கின் மோதிரம்' எனும் நாடகத்தொடரின் முதலாவதான 'றைன் பொன்' 1869இல் மியூனிக்கில் மேடையேறிற்று. அதன் இறுதியில் தெய்வங்கள் வானவிற் பாலத்தின் வழியே வல்ஹல்லாக் கோட்டையுட் புகுகின்றனர். கோட்டையைக் கட்டியோர் இராட்சதர். அவர்களுக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டதோ, அல்பெரிக் அடிமைகளை வதைத்துச் சேர்த்ததும் தெய்வங்கள் அவனிடமிருந்து பறித்ததுமான செல்வம். அதன் பொருட்டு ஓர் இராட்சதன் தன் சகோதரனையே கொல்கின்றான். தெய்வங்கள் கோட்டையை நோக்கி நடக்கையில், பொன்னை இழந்த றைன் நதிப் பெண்களின் ஓலம் கீழிருந்து எழுகின்றது, தெய்வங்கள் நகைக்கின்றனர். அவ்வோலமே முடிவின் ஆரவாரத்தைப் பொய்ப்பிப்பது. வாத்திய வடிவத்தில் அதன் சொற்கள் இல்லை. களவும் கொலையும் மறைய, கோட்டை மாத்திரம் எஞ்சுகின்றது.

இதனை வெறும் இரசனைக் குறைபாடாகக் கொள்ளலாகாது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்களையே கொண்டது. துண்டித்தல் அன்று தொழில்நுட்ப நிர்ப்பந்தமாயிருந்தது. ஆயினும் 1948இல் நீள்தட்டு வந்த பின்னரும் துண்டுத் தொகுப்புகள் நின்றுவிடவில்லை. எனவே, காரணத்தைச் சந்தையிலும் தேடவேண்டும். வாக்னரே இதற்கு விலக்கல்லர். 1849இல் டிறெஸ்டன் எழுச்சியிற் பங்குகொண்டு, கலை வணிகமாகிவிட்டதென அவ்வாண்டே கண்டித்தெழுதிய அவர், 1876 பைரொய்த் விழாவின் நட்டத்தை ஈடுசெய்ய, 1877இல் இலண்டனில் தம் நாடகங்களின் பகுதிகளைக் கச்சேரிகளாக அளிக்க நேர்ந்தது.

இத்தட்டுக்களால் நன்மையே இல்லையென நாம் கூறவில்லை. அரங்கிற்குச் செல்ல வசதியற்றோரின் இல்லங்களுக்கு அவை இவ்விசையைக் கொண்டுசென்றன. 1960களின் தொடக்கத்தில் கிளெம்பெரர் பில்ஹார்மோனியாக் குழுவுடன் செய்த பதிவுகள், ஆரவாரத்தைத் தணித்து இசையின் உட்கட்டமைப்பைத் தெளிவுறக் காட்டின. 1958இல் ஷொல்ற்றியின் நெறியாள்கையில் டெக்கா நிறுவனம் வியன்னாவிற் செய்த முழுப்பதிவு மேலும் முக்கியமானது. வாக்னர் விதித்தவாறே பதினெட்டுப் பட்டடைக்கற்கள் அதில் ஒலிக்கின்றன. அடிமைகளின் பாதாளத்திற்கு இறங்குமிடத்தில் வாத்தியங்கள் ஓய, பட்டடை ஒலி மாத்திரம் எஞ்சுகின்றது. உழைப்பே அங்கு இசையாகின்றது. இதுவும் சொல்லற்ற பகுதியே. ஆகவே, குரல் இன்மை மட்டுமன்று, எதைத் தெரிவது என்பதும் கருத்துநிலை சார்ந்ததாகும்.

பேர்னாட் ஷா 1898இல் இந்நாடகத்தொடரை முதலாளித்துவத்தின் உருவகமாக வாசித்தார். அவ்வாசிப்பு முற்போக்கானது, ஆனால், முழுமையானதன்று. 1850இல் யூதருக்கெதிராக நச்சுக் கட்டுரை எழுதியவரும் இதே வாக்னரே. அல்பெரிக்கின் சித்திரிப்பில் அவ்வெறுப்பின் சாயலை அடோர்னோ இனங்கண்டார். சுரண்டலை அம்பலப்படுத்தும் படைப்பே சுரண்டுவோனை இனவெறுப்பின் வண்ணத்தில் தீட்டுகின்றது. இம்முரண்பாட்டினை நேர்நின்று ஆராய்வதே விமரிசனத்தின் பணி. துண்டுத் தட்டுக்கள் விமரிசனத்தையும் நஞ்சையும் ஒருங்கே மறைத்து, மாட்சிமையை மாத்திரம் விற்கின்றன. அம்மாட்சிமைக்குக் கூலி கொடுத்தோர் யாரென வினவாது கேட்பது, தெய்வங்களுடன் சேர்ந்து நகைப்பதேயாகும்.