ஊடை உள்ள சத்தம்

க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' (நவம்பர் 2024) பதினாறு வருஷங்களுக்குப் பின் வந்த தொகுப்பு. எட்டே பாடல்கள். பிரிட்டனில் 1992க்குப் பிறகு அவர்களுக்கு முதலிடம். 'பழைய நிலைக்கு மீண்டுவிட்டார்கள்' என்கிறது பாராட்டு. எந்தப் பழைய நிலை?

'டிஸின்டெக்ரேஷன்' (1989) வெளிவந்தபோது ராபர்ட் ஸ்மித்துக்கு முப்பது வயது. அதிலிருந்தது இழப்பை முன்கூட்டியே கற்பித்துக்கொண்ட துக்கம். இப்போது பெற்றோரும் அண்ணனும் போய்விட்டார்கள். தாளம் அதே நிதானம்தான். சிந்தஸைசர் மூட்டமும் அதே. 'அலோன்' பாடலில் குரல் எழ மூன்று நிமிஷத்துக்கு மேலாகிறது. முன்பு சூழலை ஜோடிக்கும் உத்தியாயிருந்த இந்த நீளம், இன்று சொல்லத் தயங்குபவனின் மௌனமாகிவிட்டது.

குமாரபாளையத்துக் காதுக்கு இது விளங்கும். ஊடை அறுந்த பின்னும் தறி ஓடலாம். சத்தம் ஏறக்குறைய அதேதான், துணி விழாது. இருபது வயதுத் துயரத்தை அறுபதிலும் அதே சொற்களில் ஓட்டும் நம் கவிஞர்களிடம் கேட்பது இந்தச் சத்தம். ஸ்மித்தும் நடையை மாற்றவில்லை. அனுபவம் தாமதமாக நடைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. 'வார்ஸாங்' போன்ற இடங்களில் நூல் தளர்கிறது என்றே படுகிறது. எனினும், நடை மாறினால்தான் வளர்ச்சி என்ற நம் கொள்கையை இந்த எட்டுப் பாடல்களுக்கு முன் வைத்து மறுபடி யோசிக்க வேண்டும்.