கறுத்தால் என்ன, அம்மா?

மகளின் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஃபோர்மல். சோடித்து வெளிக்கிட்டுப் போகும் இராவிருந்தும் நடனமும். ஒரு மாதத்துக்கு முன்பே அவள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. வாங்கிப் பார்க்க வேண்டிய அவுஸ்திரேலிய அழகுசாதனங்கள். வகுப்புத் தோழிகள் கூடித் தயாரித்தவை. “எல்லாம் இங்கத்தைச் சாமான்தான் அம்மா” என்றாள். சிட்னியின் மேற்குப் புறநகரில் இருபது வருடமாக இருக்கிறேன். அந்தப் பெயர்களில் பாதியை நானும் பூசியிருக்கிறேன். ஆனால் ஒரு புத்தகத்தை வாசிப்பதுபோல அவற்றை வாசித்துப் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

இந்த நாட்டு அழகுசாதனங்கள் பெரும்பாலும் ஒரே கனவைத்தான் விற்கின்றன: எதுவும் பூசாதவள்போலத் தெரிவது. கடற்கரையிலிருந்து நேரே நடந்து வந்த முகம், மெல்லிய மினுக்கம், கன்னத்தில் வெயில் பட்ட சிவப்பு. ‘நூட் பை நேச்சர்’ என்று ஒரு நிறுவனத்துக்குப் பெயரே உண்டு. பூச்சுக் குறைந்தால் பெண்ணுக்கு நல்லதுதானே என்று முதலில் தோன்றும். ஆனால் அரை மணி நேரம் கண்ணாடி முன் நின்றுவிட்டு ஒன்றுமே செய்யாதவள்போல வெளியே வர வேண்டும் என்றால், வேலை குறையவில்லை. செய்த வேலையை மறைக்கிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. சமையலறையில் நமக்கு நன்கு பழக்கமான ஏற்பாடுதான் இது. அதோடு வெயில் பட்ட சிவப்பு எல்லாக் கன்னத்திலும் தெரிவதில்லை. ‘நூட்’ என்கிற நிறம் யாருடைய வெற்றுடம்பின் நிறம்?

பதில் ஒரு பெரிய கடையில் கிடைத்தது. விற்பனைப் பெண் அன்பானவள். ஒவ்வொரு குப்பியாகத் திறந்து மகளின் தாடையோரத்தில் தடவிப் பார்த்தாள். கடைசிக் குப்பியும் சாம்பல் பூத்ததுபோல நின்றது. இதைவிடக் கடும் நிறம் கடையில் இல்லை, வேண்டுமென்றால் எடுப்பித்துத் தரலாம் என்றாள். மகள் கடதாசித் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே “பரவாயில்லை” என்றாள். அந்தப் பரவாயில்லையை எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து அவள் கற்றது அது.

விற்பனைப் பெண்ணில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட தட்டு அவ்வளவுதான். 1901 இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு தொடங்கிய வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973 இல்தான் முற்றாகக் கைவிடப்பட்டது. கடும் நிறம் இந்த நாட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்த நிறமும் அல்ல. பல்லாயிரம் வருடங்களாக இங்கே வாழும் ஆதிக்குடிகளின் நிறம். கடைத் தட்டில் மட்டும் அது சிறப்பு வேண்டுகோளாக இருக்கிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பேர்த் நகரில் 2001 இல் ஒப்பனைக் கலைஞர் ஒரு பெண் ‘பெக்கா’வைத் தொடங்கினார். தோல் தோலாகவே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறம் வரை ஃபவுண்டேஷன் தந்ததற்காக அறியப்பட்டது. எனக்குப் பொருந்திய முதல் குப்பி அவர்களுடையது. 2016 இல் எஸ்தே லோடர் அதை வாங்கியது. 2021 செப்ரெம்பரில் மூடியது. அதிகம் விற்ற கண்கீழ்ப் பூச்சு அதே குழுமத்தின் ‘ஸ்மாஷ்பொக்ஸ்’ பெயரோடு தப்பிப் பிழைத்தது. என் ஃபவுண்டேஷன் தப்பவில்லை. மெல்பேர்னில் 1987 இல் ஒரு முடிதிருத்தும் கலைஞர் தொடங்கிய ‘ஏசொப்’ 2023 இல் ஏறத்தாழ 2.5 பில்லியன் அமெரிக்க டொலருக்கு லோரியலிடம் போனது. ‘இங்கத்தைச் சாமான்’ என்று நாங்கள் வாங்குவதில் எந்த நிறம் மிஞ்சும் என்பதை எங்கேயோ இருக்கிற கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது.

பட்டியலில் அடுத்தது ககாடு பிளம் சேர்ந்த சீரம். வடக்கு அவுஸ்திரேலியாவில் காட்டில் காய்க்கும் சிறிய பச்சைக் காய் அது. உலகத்துப் பழங்களில் விற்றமின் சி மிக அதிகம் உள்ளவற்றில் ஒன்று. ஆதிக்குடி மக்கள் அதை உணவாகவும் மருந்தாகவும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்; காட்டில் கையால் பறிப்பவர்களில் பெண்கள் பலர். அமெரிக்க நிறுவனமான மேரி கே அதன் சாற்றைத் தோற்பூச்சில் சேர்ப்பதற்குக் காப்புரிமை கேட்டு இங்கே விண்ணப்பித்தது. எதிர்ப்பு வந்தபின் 2011 இல் விலக்கிக்கொண்டது. பாட்டிமாருக்குத் தெரிந்ததை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்யும் இந்த வித்தையை மஞ்சளும் வேம்பும் வளர்ந்த வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனவே இந்தச் சீரத்தை வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காய் எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது, அவர்களுக்கு விலை போனதா என்று எழுதியிருந்தால் வாங்கலாம். ஒரு புள்ளி ஓவியம் மட்டும் அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு வரலாம்.

கடைசியில் சன்ஸ்கிரீன். இந்த நாடு உண்மையாகவே அக்கறையோடு செய்யும் பொருள் இது. எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்குத் தோல் புற்றுநோய் ஏதோ ஒரு வடிவில் வரும் நாடு. 1981 முதல் சட்டை போடு, பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவை பாடிப் பாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2000 இல் பொருள் சேவை வரி வந்தபோது சன்ஸ்கிரீனுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆணுறைக்கும் கொடுத்தார்கள். மாதவிடாய்ப் பஞ்சுக்கு 10 வீதம் வரி போட்டார்கள். அது நீங்க 2019 ஜனவரி வரை பெண்கள் போராட வேண்டியிருந்தது. எது உடல்நலம், எது ஆடம்பரம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

சன்ஸ்கிரீனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 இல் நுகர்வோர் அமைப்பான ‘சொய்ஸ்’ 20 வகைகளைச் சோதித்தது; 16 வகைகள் போத்தலில் எழுதியிருந்த பாதுகாப்பைத் தரவில்லை. இரண்டு பெண்கள் தொடங்கிய ‘அல்ட்ரா வயலெட்’டின் 50+ பூச்சு ஒன்றுக்குக் கிடைத்தது 4. முதலில் மறுத்த நிறுவனம், மறு சோதனைகளில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் வந்ததும் அதைத் திரும்பப் பெற்றது. பெண்கள் நடத்தும் நிறுவனம் என்பது நல்ல செய்திதான். சோதனைச் சான்றிதழுக்கு அது ஈடாகாது.

இதை எல்லாம் மகளுக்கு ஒரு விரிவுரையாகச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு வரியைச் சேர்த்தேன். “ஒவ்வொரு நாளும் பூசு பிள்ளை. வலைப்பந்து விளையாடி விளையாடிக் கறுத்துப் போனாய்.”

“கறுத்தால் என்ன, அம்மா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைத் தட்டு வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு மாதம் கோபப்பட்டவள் நான். அதே பயத்தை வீட்டுக்குள் காலையும் மாலையும் பூசிவிட்டவளும் நான்தான். அயலட்டையில் உள்ள எங்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வெளுக்க வைக்கும் கிறீம் அடுக்கியிருக்கும். அதை நான் வாங்கியதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சன்ஸ்கிரீன் போத்தலையே அந்தக் கிறீமாகப் பாவித்தது உறைக்கவில்லை. புற்றுநோய்க்குப் பயந்து பூசுவதும் கறுப்புக்குப் பயந்து பூசுவதும் ஒரே கையசைவுதான். பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

வாங்கிப் பார்க்கத் தகுந்தவை எவை என்று கேட்டால், என் பட்டியல் சிறியது. பிறிஸ்பேனில் செய்யப்படும் லூகாஸ் பப்பாசி களிம்பு: சிவப்புக் குழாய், வெடித்த உதட்டுக்கும் குதிக்காலுக்கும் போதும், பெரும்பகுதி பெற்றோலியம் ஜெலிதான், விலையும் அதற்கேற்றது. செம்மறி ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து செய்யும் லானோலிப்ஸ், அது ஒவ்வாத தோலில்லை என்றால். பரிசோதனையில் தேறிய ஒரு சன்ஸ்கிரீன். சிங்க் சேர்ந்தவை எங்கள் தோலில் வெளிறி நிற்கும் என்பதால், கடைக்கு வெளியே வெளிச்சத்தில் பூசிப் பார்த்து வாங்குங்கள். ஃபவுண்டேஷனும் அப்படித்தான். நிறம் இல்லையென்றால் “பரவாயில்லை” என்று சொல்லாமல், இல்லை என்பதை அவர்கள் எழுதிக்கொள்ளும் வரை நின்று சொல்லுங்கள்.

ஃபோர்மல் அன்று மகள் ஃபவுண்டேஷன் போடவில்லை. சன்ஸ்கிரீன், உதட்டில் பப்பாசிக் களிம்பு, என் லாச்சியிலிருந்து கண்மை. மாலை ஆறு மணிக்கும் நல்ல வெயில். தோழிகளோடு முற்றத்தில் நின்று படம் எடுத்தார்கள். நிழலுக்குள்ளே வா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.