எரிந்த சுருளும் எழுதப்பட்ட சுருளும்: 'நூலகம்' பற்றி ஒரு மதிப்பீடு

1981 ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பை மறவாத தமிழர் சிலர் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம், தன்னார்வத் தொண்டர்தம் உழைப்பால் வளர்ந்தது. ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், விழா மலர்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, எவரும் கட்டணமின்றிப் படிக்க அது வழங்குகிறது. இம்முயற்சியை நீலகிரி மலையில் நின்று மதிப்பிட விழைகிறோம்.

1998 இல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இலக்கியங்களின் சொற்களைத் தட்டச்சிட்டுக் காத்தது. 'நூலகமோ' பக்கத்தையே காக்கிறது. அச்சுப் பிழையும் விளம்பரமும்கூட அங்கே சான்றாகின்றன. பேரிலக்கியத்தோடு சிறு துண்டு வெளியீட்டையும் சமமாகப் போற்றும் இவ்வுள்ளமே அதன் தனிச்சிறப்பு எனக் கருதுகிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோர் என வகுத்தது. அவ்வாறு வந்தோருள் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். இலங்கை மண்ணிலேயே பிறந்தோரையும் அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றழைத்தது. அச்சொல் உண்மையா என வினவுதற்குரிய சான்றுகள் அவர்தம் தகரப் பெட்டிகளில் மலையின் ஈரத்தால் நைந்துகொண்டிருக்கின்றன. நாட்டெல்லையை அளவாகக் கொள்ளும் காப்பகத்தில் இம்மக்களின் முற்பாதி வாழ்வுக்கு இடமுண்டு. கடல் கடந்த பிற்பாதிக்கு இடம் அரிது. இப்பழியைத் தொண்டர்மேல் சுமத்துதல் நேர்மையன்று. அருகிலிருந்த நாமே அதைச் செய்யத் தவறினோம்.

ஆனால் அனைத்தையும் பொதுவில் வைத்தல் தகுமோ? திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயர் எழுதப்படாத குழந்தையும் உண்டு. மறக்க விரும்பும் சாதிப் பெயரும் உண்டு. ஆயரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது பொதுச்செய்தி ஆகாது. சபையின் விழா மலரையும் தொழிற்சங்கத் துண்டறிக்கையையும் யாவர்க்கும் திறந்து வைப்போம்; பதிவேட்டைப் படியெடுத்துப் பூட்டி வைப்போம். காப்பது வேறு, வெளியிடுவது வேறு.

எரேமியா 36 ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் அரசன் சுருளை அறுத்துத் தீயிலிட்டான். பாருக்கு வேறொரு சுருளில் அதை மீண்டும் எழுதினான்; முன்னில்லாத வார்த்தைகளும் அதிற் சேர்ந்தன. இதை வெறும் ஆறுதலாகக் கொள்ளுவோர் ஒன்றை மறக்கின்றனர்: சொல்ல எரேமியா உயிரோடிருந்தமையாலேயே பாருக்கால் எழுத முடிந்தது. கப்பலேறி வந்த நாளை நினைவில் வைத்திருப்போர் இன்று முதியோர். நம் சபைகளின் பின்வரிசைகளில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காலத்திலேயே எழுதுகோலை எடுப்பது, மாணவர்களே, உங்கள் ஊழியத்தின் ஒரு பகுதி அன்றோ?