பாடு தெரியும், பையனைத் தெரியுமா?

வளர்ந்தவர்களிடம் ஆட்டிசத்தின் சாயலைக் கண்டறியப் பல நாடுகளில் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001இல் வெளியிட்டது, 50 கூற்றுகள். விருந்தைவிட நூலகம் பிடிக்குமா, அருங்காட்சியகமா நாடகமா என்றெல்லாம் அதில் வரும். பழவேற்காட்டுக் கூனங்குப்பத்தில் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் இதற்கு என்ன பதில் சொல்வான்?

அதற்காகப் பட்டியலையே தூக்கி எறியச் சொல்லமாட்டேன். ‘திமிரு’, ‘மந்தம்’, ‘காத்து கருப்பு’ என்று ஊர் வைத்த பெயர்களிலிருந்து ஒருவனை மீட்க ஏதோவொரு கேள்வி முதலில் வேண்டுமே. ஆனால் அது தேடும் அடையாளங்கள் நகரத்து அலுவலகத்திலும் கல்லூரியிலும் கண்ணில் படுபவை. பழவேற்காட்டு ஏரியில் வாழ்க்கையின் கட்டுமானமே வேறு.

இங்கே பாடு முறை இருக்கிறது. எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பது முறைவைத்து முன்பே தீர்மானமாகிவிடும். மாறாத ஒழுங்கை நாடும் மனத்துக்கு இதைவிட நல்ல நிழல் கிடைப்பது அரிது. யாருடைய பாடு எப்போது என்று பிசகாமல் சொல்பவனை ஊர் மெச்சும். முகம் பார்த்துப் பேசாததை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். படகில் எல்லார் கண்ணும் தண்ணீர்மேல்தானே? இந்த அரவணைப்பு பெரிய பலம். அவன் உள்ளுக்குள் படும் பாட்டை மூடிவிடுவதும் இதே அரவணைப்புதான்.

ஆகவே ஒழுங்கு குலையும் நாளில்தான் அவனைக் கவனிக்க வேண்டும். முகத்துவாரம் மண்மூடித் தொழில் முடங்கும்போது, கூடவே வந்த பங்காளி வேறு படகுக்குப் போய்விடும்போது, ஏலக் கூச்சலில் காதைப் பொத்திக்கொண்டு ஓடும்போது, கேலியை மெய்யென்று நம்பிச் சண்டைக்குப் போய், பிறகு இரண்டு நாள் பேச்சற்றுக் கிடக்கும்போது. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுகட்டுவதும் ஆபத்து. மனச்சோர்வும் காது மந்தமும் இதே தோற்றம் தரலாம். பெண் என்றால் ‘அடக்கமான பொண்ணு’ என்ற ஒரே சொல்லில் விசாரணை முடிந்துவிடும்.

அரசு ஏற்ற இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கூறுகள். மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். திட்டும் அடியும் வாங்கி, பிறரைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளக் கற்றவன் அந்தக் கோட்டுக்குக் கீழே நழுவிவிடலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்திருந்தும், நழுவியவனுக்கு அதன் கதவு திறக்காது. எண்ணுக்கு முன்னால் அவனுடைய கதை வரவேண்டும் என்பதே என் முடிவு.

ஆட்டிசம் இருபது வயதில் முளைப்பதில்லை. அதன் தடம் சிறுபிராயத்திலேயே இருந்ததா என்றுதான் மருத்துவரும் கேட்பார். படிப்பைப் பாதியில் விட்டவனுக்குப் பள்ளி ஏட்டில் சான்று கிடைக்காது. எப்போது பேசினான், எந்தச் சத்தத்துக்கு அலறினான், எந்தச் சோற்றைத் தொடமாட்டேன் என்றான் என்பதெல்லாம் அம்மாவுக்கும் ஆயாவுக்கும்தான் நினைவிருக்கும். குப்பங்களுக்குப் போய்வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, அந்த ஆயாக்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.