சிரிப்புக்கு இடம் விட்டுக் கட்டிய ஸ்டூடியோ

நடிகர்கள் தொடங்கிய தயாரிப்பு நிறுவனங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது டெசிலு. லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் 1950-இல் ஹாலிவுட்டில் தொடங்கி, தங்கள் இருவர் பெயரையும் ஒட்டி வைத்த நிறுவனம். பதினேழு ஆண்டுகள்தான் அது தனித்து இயங்கியது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அது ஈட்டிய பணத்தையோ அந்தத் தம்பதியின் மணமுறிவையோதான் அதிகம் எழுதுகிறார்கள். அதன் வேலைப்பாட்டை நின்று ரசித்துச் சொல்கிறவர்கள் குறைவு. ஒரு நகைச்சுவை நடிகையின் நடிப்பு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அந்த வேலைப்பாடு முழுவதற்கும் வேர்.

லூசில் பால் 1930-களிலும் 40-களிலும் ஏராளமான படங்களில் நடித்தும் முதல் வரிசைக்கு வராதவர். 1948-இல் தொடங்கிய 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற வானொலித் தொடர்தான் அவருடைய பலத்தை வெளியே கொண்டுவந்தது. எதிரே பார்வையாளர்களை உட்கார வைத்து நடத்தும் வானொலி நிகழ்ச்சி அது. ஆள் எதிரே இருந்தால் அவர் வேறு ஒரு நடிகையாகிவிடுவார். சிபிஎஸ் நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக விரும்பியபோது, திரையிலும் தன் சொந்தக் கணவரே கணவராக வர வேண்டும் என்றார் லூசில். டெசி கியூபாவிலிருந்து வந்த இசைக்குழுத் தலைவர். ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை அடிக்கும். இந்த ஜோடியை அமெரிக்க வீடுகள் ஏற்குமா என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயார் செய்துகொண்டு 1950-இல் ஊர் ஊராகப் போனார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். தயக்கம் தீர்ந்தது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. அன்றைய தொலைக்காட்சியின் தலைநகரம் நியூயார்க். நிகழ்ச்சிகள் அங்கிருந்து நேரலையாகப் போகும்; நேரலை எட்டாத ஊர்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே கேமராவால் பிடித்த கினிஸ்கோப் என்ற மங்கலான நகல் போகும். விளம்பரதாரரான ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் நியூயார்க்கைத்தான் கேட்டது. தம்பதிக்கோ கலிஃபோர்னியாவை விட்டுப் போக மனமில்லை. அப்படியானால் சினிமாவைப் போல 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து எல்லா ஊர்களுக்கும் ஒரே தரத்தில் அனுப்பலாம். ஆனால் சினிமா என்றால் ஒற்றைக் கேமரா, துண்டு துண்டான ஷாட்கள், ஆளற்ற தளம். லூசிலின் நகைச்சுவைக்கு அங்கே மூச்சு முட்டும். ஆகவே பிலிமும் வேண்டும், எதிரே ஜனங்களும் வேண்டும், நாடகம் போல ஒரே ஓட்டமாக நடிக்கவும் வேண்டும் என்றார்கள். செலவு கூடியது. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் படங்களின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுபடி மதிப்பு உண்டு என்று அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் பிலிமில் பிடிப்பதை அதற்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தார்கள். டெசிலுவின் பெருமை அதை ஒரு முறையாக்கியதில் இருக்கிறது. ஜெனரல் சர்வீஸ் ஸ்டூடியோவின் ஒரு தளத்தைத் திருத்தி, சுமார் முந்நூறு பேர் உட்காரும் இருக்கைகள் போட்டார்கள். வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை எல்லாம் பக்கம் பக்கமாக நின்றன. நடிகர்கள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்க, மூன்று கேமராக்களும் ஓசையில்லாமல் உருண்டு பின்தொடரும். நடுக் கேமரா முழுக் காட்சியைப் பிடிக்கும். பக்கத்துக் கேமராக்கள் இரண்டும் முகங்களைப் பிடிக்கும்.

இதற்கு ஒளியமைக்க அவர்கள் அழைத்து வந்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட். அந்தப் பெயரைக் கேட்டாலே சினிமா ரசிகனுக்குச் சிலிர்க்கும். ஜெர்மனியில் முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்', ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படங்களின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர்; ஹாலிவுட்டில் 1931-இன் 'டிராகுலா'வைப் படம்பிடித்தவர்; 'தி குட் எர்த்' படத்துக்கு ஆஸ்கார் பெற்றவர். நிழலை வைத்துப் பயமும் துயரமும் காட்டிய அந்தப் பெரியவரிடம், நிழலே விழாத வெளிச்சம் வேண்டும் என்று கேட்டார்கள். க்ளோஸ் அப்புக்கும் முழுக் காட்சிக்கும் தனித்தனியாக விளக்கை மாற்றி வைக்க இங்கே நேரம் கிடையாது. மூன்று கோணமும் ஒரே நொடியில் பதிவாகின்றன. ஃப்ராய்ண்ட் தரையில் நின்ற விளக்குகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மேலே தொங்கவிட்டார். ஒவ்வொரு கேமராவின் தலையிலும் முகத்துக்கென்று ஒரு சிறு விளக்கு. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெளிச்சமும் இருட்டும் எல்லை மீறாதபடி செட்டுகளைச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் தீட்ட வைத்தார். நிழலைச் செதுக்கத் தெரிந்தவருக்குத்தான் அதை அப்படித் துடைத்தெடுக்கவும் தெரியும்.

எடிட்டர் டான் கான், மூன்று படச்சுருள்களையும் ஒலியையும் சேர்த்து ஓட்டும் ஒரு மூவியோலா இயந்திரத்தில் வேலை செய்தார். தளத்தில் அதற்கு வைத்த பெயர் 'மூன்று தலை ராட்சசன்'. கையில் மூன்று கோணம் இருந்தும், தேவையில்லாமல் வெட்டாத அவருடைய அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவ்வளவு ஏற்பாட்டின் பலனைப் பார்க்க வேண்டுமானால், இப்படி எடுத்த 'ஐ லவ் லூசி' தொடரில் 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான சாக்லெட் தொழிற்சாலைக் காட்சி போதும். ஓடும் பட்டையில் வரும் சாக்லெட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்றுகூடத் தப்பக் கூடாது. லூசியாக வரும் லூசிலும் பக்கத்து வீட்டு எத்தலாக வரும் விவியன் வான்ஸும் முதலில் அமைதியாகச் சுற்றுகிறார்கள். பட்டை வேகமெடுக்கிறது. வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் தள்ளுகிறார்கள். இருவர் உடம்பும் முழுதாகத் தெரியும்படி கேமரா பொறுமையாக நிற்கிறது. சிரிப்பு எழும்போது லூசில் அதற்காக நடிப்பை நிறுத்துவதில்லை; கண்ணால் ஒரு வேலை செய்து அந்த இடைவெளியை நிரப்புகிறார். சிரிப்பு அடங்கும் நொடியில் அடுத்த செய்கை வந்து விழுகிறது. நம் சபா நாடகக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஷாட்டாக எடுக்கும் தளத்தில் இது கிடைக்காது. அதே ஆண்டு மே மாதம் வந்த சத்து மருந்து விளம்பரக் காட்சியிலும் இதைப் பார்க்கலாம். கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு இனிப்பதாகப் பாவனை செய்யும் பெண்ணுக்கு, அதிலுள்ள ஆல்கஹால் கரண்டி கரண்டியாக ஏறுகிறது. போதை ஏறும் ஒவ்வொரு படியையும் நாக்கின் தடுமாற்றத்தில் காட்டுகிறார் லூசில்.

டெசியை வெறும் கணவர் என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். படப்பிடிப்புக்கு முன் மேடையேறிக் கூட்டத்தைக் கலகலப்பாக்குவது அவர். காட்சியில் மனைவிக்குச் சிரிப்பு விளையும்படி நேராக நின்று கேட்பது அவர். கணக்குப் பார்ப்பதும் அவர். லூசில் கருவுற்றபோது அதைக் கதையிலேயே சேர்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான குழந்தை பிறப்பை 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாகச் சொல்வார்கள். லூசில் ஓய்விலிருந்த வாரங்களில் பழைய படங்களையே மறுபடி போட்டார்கள். மறு ஒளிபரப்பு ஒரு தொழிலாக வளர அதுவும் வழி திறந்தது. பிறகு அந்தத் தொடரின் உரிமையை சிபிஎஸ்ஸுக்கே பல லட்சம் டாலருக்கு விற்றார்கள். 1957 கடைசியில் ஆர்கேஓ ஸ்டூடியோவை 60 லட்சம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினார்கள். 'சிட்டிசன் கேன்' எடுத்த நிறுவனத்தின் இடம் அது. 1940-இல் 'டூ மெனி கேர்ள்ஸ்' படத்தில் இருவரும் சம்பளத்துக்கு நடித்துச் சந்தித்துக்கொண்டதும் அந்த நிறுவனத்தில்தான்.

அவர்கள் சொந்தமாக எடுத்த 'ஃபாரெவர், டார்லிங்' என்ற 1956 சினிமா சோபிக்கவில்லை. அவர்கள் கை தேர்ந்தது சின்னத் திரையில்தான். 1959-இல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' தொடர், வெளிச்சமே உருவான அந்த நிறுவனத்திலிருந்து இருட்டையும் துப்பாக்கிப் புகையையும் கொண்டுவந்தது.

1960-இல் மணமுறிவு. 1962-இல் டெசியின் பங்குகளை வாங்கி லூசில் தானே தலைவரானார். ஹாலிவுட்டில் இவ்வளவு பெரிய ஸ்டூடியோவை ஒரு பெண் தனியாக நடத்துவது அன்று புதுமை. அவருடைய துணிச்சலுக்குச் சாட்சி, 1966-இல் ஒரே மாதத்தில் தொடங்கிய இரண்டு தொடர்கள்: 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்'. இரண்டுமே செலவு பிடித்தவை; இயக்குநர் குழு தயங்கியது; லூசில் பின்வாங்கவில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் மாதிரிப் படத்தை என்பிசி நிராகரித்து இரண்டாவதைக் கேட்டது. அதையும் எடுத்துக் கொடுத்தார்கள். 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரில் எனக்குப் பிடித்தது அதன் மௌனம். ஆட்கள் பேசாமல் வேலை செய்கிறார்கள். லாலோ ஷிஃப்ரினின் ஐந்து தாளக் கணக்கில் நடக்கும் இசை நம் நாடியைப் பிடித்துக்கொள்கிறது. பேச்சிலும் சிரிப்பிலும் வளர்ந்த ஸ்டூடியோ, உடம்பின் வேலையைப் பொறுமையாகப் பார்க்கும் கண்ணை மட்டும் விடவே இல்லை.

1967-இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் டெசிலுவைச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கி, பக்கத்து வளாகமான பாரமவுண்ட்டோடு இணைத்தது. பெயர் மறைந்தது. டாம் குரூஸின் 'மிஷன்: இம்பாசிபிள்' படங்களுக்கு நம் ஊர்த் திரையரங்குகளில் கூட்டம் கூடியபோது, அந்தக் கதைக்கு முதலில் பணம் போட்டது ஒரு நகைச்சுவை நடிகை என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சாக்லெட் தொழிற்சாலைக் காட்சியை ஒருமுறை தேடிப் பாருங்கள். முதலில் சிரித்து முடியுங்கள். இரண்டாம் முறை, கேமரா எத்தனை நேரம் அசையாமல் நிற்கிறது என்பதையும் சுவரில் நிழல் விழாததையும் கவனியுங்கள். டெசி அர்னாஸும் கார்ல் ஃப்ராய்ண்ட்டும் வேலை செய்திருப்பது அங்கேதான்.