படர்க்கையில் ஒரு பிள்ளை

கடப்பாக்கத்தில் எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சுப்படி திருத்தவேண்டிய நாட்கள் வந்தால், சென்னைச் சந்தடியை விட்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவது என் வழக்கம். காலையில் வேலை, மாலையில் ஆலம்பரைக் கோட்டைவரை ஒரு நடை. இடிந்த செங்கல் சுவர்களும் உப்பங்கழியும் என்னோடு தர்க்கம் செய்வதில்லை. நண்பர் செய்வார்.

சென்ற முறை நான் கொண்டுபோனது என் பழைய சிறுகதைத் தொகுதி ஒன்றின் மறுபதிப்பு. முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கதையில் கடைத்தெருக் காட்சி வருகிறது. புடவை கட்டிய ஒருவர் கைதட்டிக்கொண்டு வருகிறார். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பையன் கல்லை எடுக்கிறான். கதைக்கு அந்த மனிதர் வேண்டியதே இல்லை. தெருவுக்குக் கொஞ்சம் நிறம் சேர்க்க நான் செய்த காரியம். அச்சுப் பிழை ஒன்றும் இல்லை என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்று மாலை வந்த ஒரு கேள்விதான் என்னை மறுபடி அங்கே இழுத்து வந்தது.

கேட்டவர் ஓர் ஆசிரியை. நண்பரின் பழைய மாணவி. எந்த ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு பிள்ளையைக் காட்டிக் கொடுத்ததாகும்.

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ஐயா. பதிவேட்டில் ஆண் பெயர்தான். 'நான் பெண், டீச்சர்' என்று என்னிடம் தனியாக வந்து சொன்னது. பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கதவைத் தட்டிக் கலாட்டா செய்கிறார்கள். பெண்கள் பக்கம் போக முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இதை ஆசிரியர் அறையில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். 'அவன்' என்று ஆரம்பிப்பதா, 'அவள்' என்று ஆரம்பிப்பதா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். அதற்குள் ஒருவர், 'அதுவா? அது இன்னைக்கு வந்திருக்கா?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை."

நண்பர் சிரிக்கவில்லை. இலக்கணக்காரருக்கு இலக்கணத்தில்தான் கோபம் வரும்.

"'குழந்தை சிரிக்கிறது' என்று சொல்கிறோமே, அதுவும் அஃறிணை முடிபுதான். அங்கே 'அது' கொஞ்சல். ஆசிரியர் அறையில் சொன்ன 'அது' வேறு. அது மனுஷ ஜாதியிலிருந்து ஒரு பிள்ளையைத் தள்ளிவைப்பது. இந்தச் சந்தேகத்தைத் தொல்காப்பியரே தீர்த்து வைத்திருக்கிறார், அப்பா!" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கு வினைமுடிபு என்ன? அதற்கென்று தனி விகுதி கிடையாது. உயர்திணை விகுதியையே பெறும் என்கிறார். அதே நூற்பாவில் பக்கத்தில் உட்கார வைத்திருப்பது யாரைத் தெரியுமா? தெய்வத்தை. தெய்வத்துக்கும் தனி விகுதி இல்லை. சற்றுத் தள்ளி இன்னொரு நூற்பாவில், ஆண்மை திரிந்த பெயருக்கு ஆண்பால் விகுதி பொருந்தாது என்று தீர்த்துவிடுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். அளவுகோல் உடம்பு அல்ல, விருப்பம். நம் காலத்து நீதிமன்றங்கள் மிகவும் யோசித்து வந்து சேர்ந்த இடத்தில் ஒரு சமண முனிவர் எழுநூறு வருஷத்துக்கு முன்பே நின்றிருக்கிறார்!

ஆனால் நன்னூலார் கடைசியில் ஒரு பக்கக் கதவையும் திறந்து வைத்துவிட்டார். இருவகையாரையும் அஃறிணை போலச் சொல்லுவதும் உண்டு என்று. வழக்கில் இருந்ததைப் பதிவு செய்தார் போலும். நம்முடைய தெரு வாசல் வழியாக வரவில்லை. அந்தப் பக்கக் கதவு வழியாகவே புகுந்தது. என் கதையும் அப்படித்தான்.

தமிழில் ஒரு விசேஷம் உண்டு. 'நான்' என்பதற்குப் பால் இல்லை. 'நீ' என்பதற்கும் இல்லை. எதிரே நிற்கும் பிள்ளையிடம் "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்க எந்த ஆசிரியரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆள் அங்கே இல்லாதபோது, அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசும்போதுதான் அவனா அவளா என்ற கேள்வி பிறக்கிறது. ஆகவே தமிழில் இந்தத் தகராறு பிள்ளையின் முகத்துக்கு நேரே நடப்பதல்ல. முதுகுக்குப் பின்னால், ஆசிரியர் அறையிலும் கூடத்திலும் நடப்பது.

'அவர்' இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான், பெரியவர்களுக்கு அது நல்ல அடைக்கலம். ஆனால் நம் பாஷை பதினாலு வயதுப் பிள்ளைக்கு 'அவர்' கொடுப்பதில்லை. கொடுத்தால் கேலி செய்வதாகத் தோன்றும். பெரியவர்களுக்குக் கிடைத்த தீர்வு குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரச்னை கூர்மையாவது அதனால்தான்.

படர்க்கை என்பது நாவலாசிரியனின் தொழில். ஆகவே இதில் எங்கள் கூட்டத்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். நீண்ட காலம் நம் கதைகளில் இவர்கள் சிரிப்புக்காக வந்தார்கள்; அல்லது நான் செய்ததுபோல் தெருவுக்கு நிறம் சேர்க்க வந்தார்கள். சு. சமுத்திரம் 'வாடாமல்லி'யில் அதை மாற்றினார். சுயம்பு என்ற கல்லூரி மாணவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, குடும்பத்தாரும் சமூகமும் அவனைப் படுத்திய பாட்டை எழுதினார். துணிச்சலான காரியம், வாசகர்களை அழவைத்த காரியமும்கூட. ஆனால் அந்தப் பரிவு வெளியே நின்று பார்க்கிற பரிவு. கதை சொல்பவர் ஒரு பக்கம், கதைக்கு ஆளானவர் மறுபக்கம், நடுவில் படர்க்கை.

அந்தச் சுவரை இடித்தது 'நான், வித்யா'. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு. மகன் படித்துப் பெரிய அதிகாரியாக வேண்டும் என்று கனவு கண்ட தகப்பனார், தனக்குள்ளே வேறொன்றைக் கண்ட குழந்தை, பிறகு ரயிலில் பிச்சை, வேலைக்கும் பெயர் மாற்றத்துக்கும் பட்ட பாடு. வித்யா மொழியியல் படித்தவர் என்பதை நினைத்தால் தலைப்பின் முதல் சொல்லுக்குக் கனம் கூடுகிறது. 'நான்' என்று ஆரம்பித்துவிட்டால் யாரிடமும் விகுதிக்கு அனுமதி கேட்க வேண்டாம். இந்தப் புத்தகத்தைத் தழுவிக் கன்னடத்தில் 2015-ல் ஒரு படம் வந்தது. அதற்கு வைத்த பெயரே 'நானு அவனல்ல, அவளு'. ஒரு வாழ்க்கை முழுவதும் ஒரு விகுதிக்கான வழக்கு என்று சொல்லாமல் சொல்லும் தலைப்பு.

விமரிசகன் என்ற முறையில் எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு குறை உண்டா என்றால், குறை புத்தகத்தில் இல்லை. அதற்குப் பின் நாங்கள் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. கூவாகத்துத் திருவிழாவை எழுதினோம். அறுவைச் சிகிச்சையை எழுதினோம். பதினொன்று அடித்து இடைவேளை மணி கேட்டதும் எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் எழுதவில்லை. அதில் கண்ணைக் கவரும் காட்சி இல்லையே!

எழுத்தாளர்கள் பார்க்காததை ஒரு நீதிபதி பார்த்தார். வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே பிடிபடவில்லை என்று திறந்த மன்றத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுத உட்கார்ந்தார். 2021 ஜூன் 7-ல் வந்த அவருடைய உத்தரவில் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. இருபாலிலும் அடங்காத மாணவர்களுக்குப் பொதுவான கழிப்பறை. சான்றிதழில் பெயரும் பாலும் மாற்ற வழி. அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-ல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. ஒருவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்று அரசிதழ் சொல்லவேண்டி வந்ததே என்று பத்திரிகைக்காரர்களும் கதைக்காரர்களும் வெட்கப்பட வேண்டியதுதான்.

அதே 2021-ன் கடைசியில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. பொதுக் கழிப்பறை, பால் பாராத சீருடை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று யோசனைகள். குழந்தைகள் உரிமை ஆணையம், இது பிள்ளைகள் மனத்தைப் பாதிக்கும் என்று ஆட்சேபித்தது. சில நாட்களுக்குள் கையேடு இணையதளத்திலிருந்து மறைந்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த அவசரத்தைக் கண்டித்தது. பாடப்புத்தகம் திருத்த வருஷங்கள் ஆகும் தேசத்தில் ஒரு கையேட்டை எடுத்துவிட எவ்வளவு சுறுசுறுப்பு!

ஆட்சேபிப்பவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. ஆசிரியை சொன்னார்: "பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், ஐயா. அதிலும் நியாயம் இருக்கிறதே." இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குத் துணைக்கு ஒருத்தியைக் காவல் நிறுத்திவிட்டுப் போன பெண் பிள்ளைகள் இந்த நாட்டில் கொஞ்சமா? ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து கதவும் தாழ்ப்பாளும். இன்னொரு பிள்ளையின் தாகம் அல்ல.

"எங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. பூட்டியே கிடக்கிறது. சாவி அலுவலகத்தில்" என்றார் ஆசிரியை.

தீர்வு அந்தச் சாவியில் இருக்கிறது என்பது என் எண்ணம். திருநர்களுக்குத் தனியாகப் பொதுக் கழிப்பறைகள் வேண்டும் என்று 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய நன்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பிள்ளைக்காக ஓர் அறையைத் திறந்து அதன்மேல் பலகையும் மாட்டினால், அதுவே இன்னொரு 'அது' ஆகிவிடும். யார் வேண்டுமானாலும் போகலாம், உள்ளே தாழ்ப்பாள் உண்டு என்று ஓர் அறை இருந்தால் போதும். காய்ச்சல்காரப் பிள்ளை போகும்; கால் ஊன்ற முடியாத பிள்ளை போகும்; கூச்சப்படுகிற பிள்ளை போகும்; இந்தப் பிள்ளையும் போகும். யாரும் யாரையும் எண்ண மாட்டார்கள்.

"நாளைக்குப் பிள்ளையின் மனசு மாறிவிட்டால்?" என்று நண்பர் கேட்டார். மாறினால் நாளைக்கு மாற்றிக் கூப்பிடுவோம். ஆசிரியையின் கையில் இருப்பது கத்தி இல்லை, ஒரு விகுதிதான்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா? அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் கேவின் கிரிம் என்ற மாணவர், ஆண் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று பள்ளி நிர்வாகம் 2014-ல் போட்ட தடையை எதிர்த்து வழக்காடினார். வென்றார். அந்த வெற்றி உறுதியானது 2021-ல்; அவர் பள்ளியை விட்டே நான்கு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து மணி நீதிமன்றத்துக்காகக் காத்திருப்பதில்லை. இங்கே 2024-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதியவர்கள் ஏழரை லட்சத்துக்கு மேல். திருநர் என்ற பதிவில் எழுதித் தேறியவர் ஒரே ஒருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கு இந்த மாநிலத்தில் 22,364 பேரை அந்த வகையில் எண்ணியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? சிலர் சொல்லாமல் இருக்கிறார்கள். பலர் எந்த வகுப்பிலோ எழுந்து போய்விட்டார்கள்.

ஜனங்களுக்கு இது புரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். வேஷம் கட்டியவர் பக்கத்து ஊர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பது எல்லாருக்கும் தெரியும். திரை விலகியதும் "திரௌபதை வர்றா" என்றுதான் கிழவிகள் சொல்வார்கள். "வர்றான்" என்று ஒரு வாயும் சொல்லாது. இரவு முழுதும் வேஷத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பகலில் வேஷமே இல்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா?

ஆசிரியை புறப்படும்போது நண்பர் திண்ணையிலிருந்தபடியே சொன்னார்: "முதலில் அந்தச் சாவியை வாங்கு, அம்மா. பிறகு, பிள்ளை இல்லாத இடத்திலும் பிள்ளை கேட்ட பெயரைச் சொல்லு. இலக்கணம் உன் பக்கம்."

அவர் போனபின் அச்சுப்படியை மறுபடி எடுத்தேன். கடைத்தெருக் காட்சியில் 'அது' ஐந்து இடத்தில் இருந்தது. மூன்று, கடைக்காரர்கள் வாயில் வருவது. அவற்றைத் தொடவில்லை. அவர்கள் அப்படித்தான் பேசினார்கள், மறைத்தால் பொய்யாகும். மற்ற இரண்டும் யார் வாயிலும் இல்லை. கதை சொல்லும் நானே சொன்னவை. கல்லெடுத்த பையனை முப்பது வருஷமாக நான் கண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

அந்த இரண்டு இடத்திலும் 'வந்தது' என்பதை அடித்து 'வந்தாள்' என்று எழுதினேன். இப்படி ஒரு பிழையை எந்த அச்சுத் திருத்தக்காரரும் எனக்கு இதுவரை காட்டியதில்லை.